காப்புக் கட்டிக்கொண்ட நிறுவனர்

3 ஏப்ரல் 2025, வியாழன், தியாகதுருகம்

காலை பத்து மணிக்குப் போட்ட பதிவுக்கு மாலை வரை பதினான்கு விருப்பம். அதில் ஒன்று நானே போட்டது. இன்னொன்று பழைய உரக் கம்பெனி மேனேஜர் அரங்கநாதன் சார். அவர் எதற்கும் போடுவார், யாராவது செத்த செய்திக்கும் போடுவார்.

பதிவு நன்றாகத்தான் இருந்தது. "இருநூறு மலைவாழ் விவசாயக் குடும்பங்களின் வாழ்வில் ஒரு சிறு ஒளி" என்று ஆரம்பித்து, வரிக்கு வரி இடைவெளி விட்டு, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று முடித்திருந்தேன். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

உண்மையில் எத்தனை குடும்பம்? நோட்டில் எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள் — இருபத்து மூன்று. கல்வராயன் மலையில், வெள்ளிமலையும் தாண்டி, சாமை விவசாயி மாயவனின் ஊரில் மொத்தமே அவ்வளவு வீடுகள்தான். அவர்கள் விளைவிக்கிற சாமையை என் குட்டியானை வண்டியில் ஏற்றி வந்து, கள்ளக்குறிச்சி மில்லில் உமி நீக்கி, பையில் போட்டு விற்கிறேன். லிங்க்ட்இன்னில் இதற்கு "நிறுவனர் மற்றும் தலைமைச் செயல் அதிகாரி" என்று பெயர். நிறுவனத்தில் இருப்பது நானும் வண்டியும்.

7 ஏப்ரல்

அபிநயா டூட்டிக்குக் கிளம்பும்போது கேட்டாள். தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். நான் வேலையை விட்ட இந்த இரண்டு வருஷமாக வீடு ஓடுவது அவளால்தான். "எங்கம்மா போன் பண்ணா ஒரே கேள்விதான். மாப்ள இன்னா பண்றாருன்னு. நான் இன்னான்னு சொல்றது?"

"ஃபவுண்டர்னு சொல்லு."

"சொன்னேன். அது எந்த ஆபீஸ்ல இருக்குன்னு கேக்குது."

கெடுவும் வைத்தாள்: வைகாசிக்குள் பெரிய ஆர்டர் ஒன்று வர வேண்டும். வராவிட்டால் அரங்கநாதன் சாரிடம் போய் உர மூட்டை விற்கும் வேலையைத் திரும்பக் கேட்க வேண்டும். ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வது? அவள் கையில் சோற்றுக் கரண்டி இருந்தது.

12 ஏப்ரல்

மாயவன் மகள் தமிழ்ப்ரியா கள்ளக்குறிச்சியில் பி.காம் படிக்கிறது. லிங்க்ட்இன்னில் எனக்கு இணைப்புக் கோரிக்கை அனுப்பியிருக்கிறது. அதன் பக்கத்தில் மொத்தம் மூன்று பேர், மூவரும் ஒரே வகுப்பு. பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "ஏண்ணா இன்னும் ஏத்துக்கல?" என்று நேராகவே கேட்டுவிட்டது.

"மூணு பேர் இருக்கறவங்கள சேத்தா என் ப்ரொஃபைல் மதிப்பு எறங்கிடும்மா. ஒரு நூறு வரட்டும், பாக்கலாம்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டது. கொஞ்சம் அதிகமோ? இல்லை. இணையப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்ததுதான்: உன் வட்டமே உன் உயரம்.

19 ஏப்ரல்

அதே பயிற்சி வகுப்பில் சொன்னபடி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு தூரத்தில் எதையோ பார்க்கிற மாதிரி நிலத்தில் நின்று ஒரு படம் எடுத்தேன். நிலம் மாயவனுடையது. படம் எடுத்தது அவர் மனைவி சாமியம்மாள்.

"கை வலிக்குதாங்க?" என்று கேட்டார்.

30 ஏப்ரல்

வந்துவிட்டது. பெங்களூரிலிருந்து ஷாலினி என்று ஒருவர். சிறுதானியக் கம்பெனி ஒன்றில் கொள்முதல் மேலாளர். என் இருநூறு குடும்பப் பதிவைப் படித்தாராம். மாதாமாதம் சாமை வேண்டுமாம், வருஷம் முழுவதும். மே 22, வியாழக்கிழமை கள்ளக்குறிச்சிக்கு வந்து நேரில் பேசுகிறாராம்.

அபிநயாவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "நெசமாவே ஆளு இருக்குதா?" என்றாள்.

14 மே

மூட்டை எடுக்கப் போனேன். இருபதாம் தேதி அவர்கள் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறார்களாம். மாயவன் அழைத்தார். "வந்தா ஒரு வாய் சாப்ட்டுப் போங்க."

சாப்பாடு இருக்கட்டும். படம்! பழங்குடிப் பண்பாடு, மஞ்சள் கயிறு, பின்னால் மலை. இருபத்திரண்டாம் தேதி ஷாலினி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் அப்படி ஒரு பதிவு வந்தால்?

20 மே, செவ்வாய், மலைமேல்

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். செருப்பும் இல்லை. கழற்ற வைத்துவிட்டார்கள்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். பூசாரி பூமாலை ஒவ்வொருவர் கையிலும் காப்புக் கட்டிக்கொண்டு வந்தார். தமிழ்ப்ரியா லீவுக்கு வந்திருந்தது. போனை அதன் கையில் கொடுத்துவிட்டு வரிசையில் போய் நின்றேன். மாயவன், "உங்களுக்கு வேணாங்க, சும்மா நின்னு பாருங்க" என்றார். கேட்டேனா? "நானும் இந்தக் குடும்பம்தானே" என்று கையை நீட்டினேன். பூமாலை என் முகத்தை ஒரு தடவை, மாயவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கட்டினார். படம் அருமையாக வந்திருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் காப்புக் கட்டியவர் பகலில் எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம். இரவு ஊருக்குள் இருந்தால் போதும். அந்தக் கணக்கில் நீட்டிய கை இது. வியாழக்கிழமை காலையில் இறங்கி, ஷாலினியைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் ஏறிவிடலாம் என்று நினைத்தேன். இங்கே வழக்கம் வேறு. காப்பு அவிழ்க்கிற வரை எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. எட்டு நாள்.

எட்டு நாள்!

21 மே

கயிற்றை அறுத்துவிட்டால் என்ன? மாயவனிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டாவது கிளம்பியிருப்பேன்.

"போறதுன்னா போங்க. யாரும் புடிச்சிக்கினு நிக்க மாட்டோம். ஆனா அறுத்துட்டுப் போன கைக்கு அப்புறம் இந்த ஊர்ல யாரும் நெல்லு, சாமை எதுவும் அளந்து போட மாட்டாங்க. நான் சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

ஆக, கீழே போனால் ஷாலினி இருப்பார், விற்கச் சாமை இருக்காது. இங்கே இருந்தால் சாமை இருக்கும், ஷாலினி இருக்க மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. அப்பா கருப்புச் சட்டைக்காரர். சாமி பெயரே வேண்டாம் என்றுதான் எனக்கு அன்புச்செல்வன் என்று வைத்தார். ஆனால் மாரியம்மன் விஷயத்தில் அப்பாவே ரிஸ்க் எடுத்து நான் பார்த்ததில்லை.

சிக்னல் இந்த ஊரில் ஒரே ஒரு பாறையில்தான். பாறையில் பாதி எல்லைக்கு உள்ளே, பாதி வெளியே, சிக்னல் வெளிப்பாதியில். பூமாலையைக் கூட்டிவந்து கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "கை போலாம், கால் போவக் கூடாது" என்றார். குப்புறப் படுத்துக் கையை மட்டும் வெளியே நீட்டி, ஷாலினிக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "தவிர்க்க முடியாத சமூகப் பங்கேற்பில் இருக்கிறேன்." நேற்றைய படத்தையும் ஏற்றினேன். "ஒரு சமூகம் உங்களைத் தன் மகனாக ஏற்கும் தருணம்." வயிற்றில் எறும்பு கடித்தது.

22 மே, வியாழன்

கோயிலுக்குத் தண்ணீர் தூக்குகிற வேலை எனக்கு. காப்புக் கட்டியவர்கள் எல்லோரும் தூக்க வேண்டும். வெறுங்காலில் பதினோரு நடை.

மதியம் பாறைக்குப் போனேன். ஷாலினியின் பதில் வந்திருந்தது. கள்ளக்குறிச்சிக்கு வந்துவிட்டாராம். என் படத்தைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டாராம். "நாளை நானே மேலே வருகிறேன். உங்கள் இருநூறு குடும்பங்களையும் பார்த்த மாதிரி இருக்கும்."

போச்சு. இருக்கறது இருபத்து மூணு வூடு. இருநூறு குடும்பத்துக்கு நான் எங்க போவேன்? பக்கத்து ஊர்ல ஆள் கூப்பிடலாம்னா எல்லையத் தாண்ட முடியாது. அபி கிட்ட இன்னான்னு சொல்லுவேன்?

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து அழுதேன். முப்பத்து நாலு வயசு. மாயவன் குடத்தோடு வந்தவர் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்காமல் என் குடத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார்.

23 மே, வெள்ளி

வந்தார். நான் மஞ்சள் வேட்டியில், வெறுங்காலில், தலையில் குடத்தோடு நின்றேன். அவர் வணக்கம் சொன்னார். எனக்குக் கைகூப்பக்கூட வழியில்லை.

சாமியம்மாள் பாய் போட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார். ஷாலினி ஊரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இருநூறு குடும்பம்னு படிச்சேனே" என்றார்.

"இருநூறா?" சாமியம்மாள் விரலை மடக்கி எண்ணினார். "எங்களோட ஆட்டையும் சேத்து எண்ணுனா வருங்க."

ஷாலினி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். குடத்துத் தண்ணீர் என் காதுக்குள் வழிந்தது.

"இவரு உங்களுக்கு யாரு?"

"சாமை ஏத்திக்கினு போறவருங்க. இவருக்கு முன்னாடி வியாவாரிங்க வருவாங்க, எடைல அடிச்சிக்கினு போவாங்க. இவரு எடைல கை வெக்க மாட்டாரு. சொன்ன நாள்ல வருவாரு. போட்டோதான் ஜாஸ்தி புடிப்பாரு."

எனக்குப் பரிந்துரை எழுதித் தரச் சொல்லி எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பேன். அரங்கநாதன் சாரே "நல்ல பையன்" என்று இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். இந்தப் பரிந்துரையை எங்கே ஒட்டுவது?

ஷாலினி சாமையைக் கையில் அள்ளிப் பார்த்தார், தேய்த்துப் பார்த்தார், வாயில் போட்டுப் பார்த்தார். பிறகு கொள்முதல் பேச்சு. அவர் பேசியது சாமியம்மாளோடு. விளைவிக்கிறவர்கள் பெயரிலேயே நேரடியாக வாங்குவதுதான் அவர்கள் கம்பெனி வழக்கமாம். தமிழ்ப்ரியா நோட்டும் பேனாவுமாக வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. நான் அடுத்த குடத்துக்குப் போக வேண்டியிருந்தது.

என் ஆர்டர். நான் புடிச்ச ஆளு. என் பதிவப் பாத்துட்டுத்தான அந்தம்மா வந்துச்சு? வயிறு எரியுது.

24 மே

இன்னும் எரிகிறது. மாயவனோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

25 மே

மாயவனே வந்து உட்கார்ந்தார். "மலைக்கு மேல நாங்க பாத்துக்கறோம். கீழ மில்லு, வண்டி, பெங்களூரு எல்லாம் நீங்கதான். எங்களுக்கு வேற ஆளு வேணாம்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டோம்."

"ஏன்?"

"காப்பு அறுக்காம இருந்தீங்கல்ல."

நான் ஏன் அறுக்கவில்லை என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நானாகச் சொல்லவும் இல்லை.

27 மே, செவ்வாய்

காப்பு அவிழ்த்தார்கள். எல்லைக்கல்லைத் தாண்டி, வெள்ளிமலை வந்து, வண்டியை ஓரம் கட்டி, உட்கார்ந்த இடத்திலேயே எழுதிப் போட்டேன்: "எட்டு நாள் காப்பு எனக்குக் கற்றுத் தந்த எட்டுத் தலைமைப் பாடங்கள்."

28 மே

நாலாயிரத்து முந்நூறு விருப்பம்! என் வாழ்நாளில் இல்லாத எண்ணிக்கை. "கண் கலங்கிவிட்டது" என்று குர்கானிலிருந்து ஒருவர். "பணிவின் உச்சம்" என்று இன்னொருவர். பயிற்சி வகுப்புக்காரரே பகிர்ந்திருக்கிறார்.

29 மே

மாயவன் போன் செய்தார். "பொண்ணு படிச்சிக் காட்டுச்சுங்க. எட்டும் நல்லா இருந்துச்சு. மூணாம் நாளு தண்ணித் தொட்டிகிட்ட அழுதீங்களே, அது எத்தினியாவது பாடம்?"

கிண்டலா, கேள்வியா? அவர் குரலில் கண்டுபிடிக்க முடியாது. பதிவை அழித்துவிடலாம் என்று போனேன். அதற்குள் நாலாயிரத்து எண்ணூறு ஆகியிருந்தது. மனசு வரவில்லை.

10 ஜூன்

வைகாசி முடிய நான்கு நாள் இருக்கும்போது ஒப்பந்தக் காகிதம் வந்தது. வழங்குநர் என்ற இடத்தில் சாமியம்மாள், குழுத் தலைவர். தமிழில் பெரிதாகக் கையெழுத்து. என் பெயரைத் தேடினேன். இரண்டாம் பக்கம், கீழே, "அரவை மற்றும் போக்குவரத்து".

அபிநயா அந்த வரியில் விரலை வைத்துப் படித்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். போனை எடுத்து எலவனாசூர்கோட்டையில் இருக்கும் அம்மாவுக்குப் போட்டாள்.

"அம்மா, மாப்ள இன்னா பண்றாருன்னு கேட்டுக்கினே இருந்தியே. சாமை அரைச்சு பெங்களூருக்கு வண்டி ஓட்டறாரு. ஆமா, மாசா மாசம். ஆமாம்மா, நெசமாதான்."

அந்தப் பக்கம் மாமியார் சந்தோஷப்பட்டது எனக்கே கேட்டது. இரண்டு வருஷமாக ஃபவுண்டராக இருந்து வாங்காத நல்ல பெயர் இது. கொஞ்சம் அவமானமாக இருந்தது. கொஞ்சம் நன்றாகவும் இருந்தது.

28 ஜூன்

முதல் லோடு போய்ச் சேர்ந்தது. படம் எடுக்க மறந்துவிட்டேன். ஓசூரில் டீ குடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

6 ஆகஸ்ட், புதன்

"உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று லிங்க்ட்இன் காட்டியது. சாமியம்மாள், தலைவர், மலைச் சாமை உழவர் குழு. படத்தில் கையெல்லாம் கட்டவில்லை. முறத்தோடு உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருக்கிறார். எழுதுவது தமிழ்ப்ரியாதான் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் இணைப்புகள். எனக்கு அறுநூற்றுப் பதினொன்று.

கோரிக்கை அனுப்பினேன். கையோடு தமிழ்ப்ரியாவின் பழைய கோரிக்கையையும் ஏற்றுவிடலாம் என்று தேடினேன். இல்லை. அதுவே திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது.

15 ஆகஸ்ட், வெள்ளி

மூட்டை ஏற்றப் போனேன். ஒன்பது நாள் ஆகிவிட்டது. கேட்காமல் இருக்கத்தான் பார்த்தேன். "ஏங்க, லிங்க்ட்இன்ல கோரிக்கை அனுப்பியிருந்தேனே" என்று வாய் கேட்டுவிட்டது.

சாமியம்மாள் மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டே சொன்னார். "பொண்ணுகிட்ட சொன்னேங்க, நம்ம அன்புதானே, ஏத்துக்கன்னு. கம்மியா ஆளு இருக்கறவங்கள சேத்தா நம்ம மதிப்பு எறங்கிடும்னுது. ஒரு ஆயிரம் வரட்டும், பாக்கலாமாம்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அந்தப் பக்கம் ஒரு கை புடிங்க."

பிடித்தேன்.