அயர்லாந்தில் யார் வண்டி ஓட்டுவது

செவ்வாய், இரவு

அடுத்த மாதம் நானும் கணவரும் அயர்லாந்து போகிறோம். முதல் வெளிநாட்டுப் பயணம். வாடகைக் காரை அவர் ஓட்ட, காலை உணவு தரும் வீடுகளில் தங்குவதாக ஏற்பாடு. இன்று ஆவடியில் கண் டாக்டர் அவரிடம், "இனிமே வண்டி ஓட்டாதீங்க" என்றார். ஓரப் பார்வை போய்விட்டதாம். இனி திரும்பாதாம்.

பட்டாபிராமில் எங்கள் வீடு வரை நான்தான் ஓட்டினேன். வாசலில் வண்டியை நிறுத்தியதும்தான் பேசினார்.

"அங்கயும் நம்மள மாதிரி இடது பக்கந்தான். வாடகை வண்டில உன் பேரச் சேத்துடலாம். ரோடு குறுகலா கீதாம், பொறுமையா போ. இருட்டறதுக்குள்ள தங்கற ஊட்டுக்குப் போயிடு."

"நானா ஓட்டணும்?"

"நீதான். தெரியற வரைக்கும் நான் பாத்துகினு வரேன்."

தலையாட்டினேன்.

இப்போது படுத்திருக்கிறார். விளக்கை அணைக்க வேண்டாம் என்கிறார். எரியட்டும்.