கப்பலேறியவர் யார் வீட்டு ஆள்

ஜூன் 14, சனி

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டேன். எல்லாவற்றிலும் புகை நாற்றம்.

அழகம்மா இன்றைக்கும் தொடங்கிவிட்டாள். தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறை வரிசை வீடான எங்கள் லயத்தில் அவள் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரை வரைக்கும் போகாது. இடுப்பெலும்பு முறிந்து நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தவள். எழுந்து நடக்க முடியாது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

“காட்டிக்குடுத்த கூட்டம் கருவாடு பொரிக்குது போலருக்கே!”

நான் விடுவேனா? “பொய்ச்சாட்சி சொன்ன மூக்குக்கு நல்லா மணக்கட்டும்!”

நூற்றைம்பது வருடத்துக்கு முந்தின தாது வருடப் பஞ்சத்தில் திருச்சிப் பக்கம் எங்கள் பூர்வீக ஊரில் ஒரு நெல் களஞ்சியத்தை உடைத்தார்கள். எங்கள் பூட்டன் காத்தானைச் சங்கிலி போட்டு அந்தமானுக்குக் கப்பலேற்றினான் வெள்ளைக்காரன். காட்டிக்கொடுத்தவன் அழகம்மாவின் பூட்டன் முத்தாண்டி. இது எங்கள் வீட்டுக் கதை. அவள் வீட்டிலும் இதே கதைதான், பெயர்கள் மட்டும் இடம் மாறியிருக்கும்: முத்தாண்டி கப்பலேறினான், காத்தான் காட்டிக்கொடுத்தான். அப்புறம் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த ஒரே கங்காணி இரண்டு குடும்பத்தையும் இலங்கைக்கு ஒரே கூட்டமாகக் கூட்டிவந்து ஒரே லயத்தில் அடைத்தான். இன்று வரை ஒரு வீட்டில் மற்ற வீடு தண்ணீர் குடித்ததில்லை.

ஜூன் 15

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிற என் பேத்தி நிலக்ஷி போனில் கூப்பிட்டாள். சென்னையில் ஒருத்தர் பழைய கோர்ட்டு, ஜெயில் காகிதங்களைத் தேடிப் படம் பிடித்து அனுப்புவாராம். ஊர் பெயர், இருவர் பெயர், அவர்கள் அப்பன்மார் பெயர் எல்லாம் சொன்னேன். எனக்கு ஒன்றும் மறக்காது.

“காகிதம் வந்ததும் சத்தமா வாசிக்கணும். சுவத்துக்கு அந்தாண்ட கேக்கணும்.”

“அப்பாயி, நீங்க திருந்தவே மாட்டீங்களா?”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழகம்மா: “வாசி பிள்ள, வாசி! நானும் அதுக்குத்தான் உசுர வச்சிருக்கேன்!”

ஜூன் 22

இன்னும் வரவில்லை. அழகம்மா இருமுகிறாள்.

ஜூலை 3, வியாழன்

வந்துவிட்டது.

நல்லவேளை, நான் வெளியே தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நின்றபோது போன் வந்தது. நிலக்ஷியின் குரலே சரியில்லை. கப்பலேறியது முத்தாண்டியாம். ஆயுள் தண்டனை, அந்தமான் போன இரண்டாம் வருடமே காய்ச்சலில் செத்திருக்கிறார். காத்தான் ‘அப்ரூவர்’—கூட இருந்தவனைக் காட்டிக்கொடுத்துத் தான் தப்பிக்கிறவனுக்கு அப்படிப் பெயராம். பல நாள் பொலிசில் வைத்திருந்திருக்கிறார்கள். பிறகு முத்தாண்டியின் பெயரைச் சொல்லியிருக்கிறார். விட்டுவிட்டார்கள்.

“வேற காத்தானா இருக்கும்டி.”

“அப்பன் பேரு, ஊரு எல்லாம் நீங்க சொன்னதுதான் அப்பாயி.”

எங்க ஆளு. எங்க ஆளுதான் சொல்லியிருக்கான். சொல்லிட்டு எங்க போனான்? வீட்டுக்கு ஏன் வரல? பெண்டாட்டி என்ன செய்வாள்—முத்தாண்டி பெண்டாட்டியின் அழுகையை எடுத்து, தன் புருஷன்தான் கப்பலேறினான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்துவிட்டாள். அந்தக் கதையை நம்பித்தானே நான் ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை காத்தானுக்கு இலை போட்டு, கடலுக்கு அப்பால் தண்ணி குடுக்க ஆளில்லாமச் செத்தீங்களேன்னு மாரடிச்சு அழுதேன்?

அழகம்மாவின் தலைப்பிள்ளை செத்த அன்றைக்கு நான் எட்டிப் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் உட்கார்ந்து ரொட்டி சுட்டேன். அவள் கதறுவது கேட்டது. முத்தாண்டி வம்சத்துக்கு வேணும் என்று நினைத்தேன். நினைத்தேனே.

ஜூலை 4

“காகிதம் வந்துருச்சாமே?” என்று அழகம்மா கேட்டாள். யார் சொன்னார்களோ.

“வந்துச்சு. பூச்சி அரிச்சிருக்காம். பேரெல்லாம் போயிருச்சாம்.”

எப்படி வந்தது அந்தப் பொய், அவ்வளவு வேகமாக?

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். இருமல்தான் கேட்டது.

ஜூலை 9

அழகம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வசவு இல்லாமல்.

“காளியாயி, பேரே இல்லேன்னு ஆயிருச்சு. எங்க பக்கந்தான் தப்போ என்னமோ, யாரு கண்டா. இந்த அமாவாசைக்கு என்னால ஒக்காந்து படைக்க முடியாது. ரெண்டு பேருக்கும் நீயே எலை போட்டுரு.”

பிறகு அவள் மருமகள் ஜெயந்தினி ஒரு கோப்பையில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் கொண்டுவந்தாள். “அத்தை குடுக்கச் சொன்னாங்க, சின்னத்தை.” அந்த வீட்டுச் சாப்பாடு இந்த வாசல்படி தாண்டியது இதுதான் முதல் தடவை. வாங்கினேன். தின்றேன்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூலை 11

நிலக்ஷியிடம் கேட்டேன்: சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன? கிடையில் கிடக்கிறவளுக்கு இது எதற்கு?

“சத்தமா வாசிக்கணும்னு சொன்னது நீங்கதானே அப்பாயி.”

போனை வைத்துவிட்டேன். படிக்க வைத்தால் இப்படித்தான். இரண்டு நாளைக்கு அவளோடு பேச்சில்லை.

ஜூலை 16, புதன்

போனேன்.

அவள் காம்பராவுக்குள் நான் கால் வைத்ததே கிடையாது. என் காம்பரா மாதிரியேதான் இருக்கிறது. கட்டிலில் இவ்வளவு சிறிதாகக் கிடப்பாள் என்று தெரியாது. குரலை மட்டும்தானே கேட்டிருக்கிறேன்.

“என்னடி, வழி தவறிட்டியா?” என்று சிரித்தாள்.

நின்றபடியே சொன்னேன். கப்பலேறியவர் உங்கள் ஆள். காட்டிக்கொடுத்தவர் எங்கள் ஆள். அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். முத்தாண்டி எப்படிச் செத்தார் என்று கேட்டாள். அதையும், காத்தானைப் பல நாள் பொலிசில் வைத்திருந்ததையும் சொன்னேன். கண்ணிலிருந்து காதுப் பக்கம் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

“பூச்சி அரிச்சுச்சுன்னியே, அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஒங்க பூட்டன் பொலிசு அடிக்குப் பயந்து சொன்னான். சரி. நீ எதுக்குடி பயந்த?”

ஜெயந்தினி முக்காலியை நகர்த்திப் போட்டாள். அழகம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் உட்காராமல் வந்துவிட்டேன்.

ஜூலை 20

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பேசுகிறார்கள், ஆனால் மெதுவாக. எனக்குக் கேட்கக்கூடாதென்றுதான்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

நான் இலை போடவில்லை. காத்தானுக்கும் யாராவது போடத்தான் வேண்டும். ஆனால் இந்த வருடம் என் கை வரவில்லை.

அந்தப் பக்கம் வடை சுட்டார்கள். அழகம்மாவை இரண்டு பேர் பிடித்து உட்காரவைத்தார்கள் போல. முத்தாண்டியின் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தாள். உடைந்த குரல்தான், ஆனால் ஒரு அடி கூட விடவில்லை. கடைசி வரைக்கும் கேட்டேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியதும் இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

காலையில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தேன்.

“காத்தான் வம்சம் எந்திரிச்சிருச்சா?”

அதே பழைய தொண்டை. இத்தனை வருடத்தில் அவளுக்குத் திருப்பிக் கொடுக்காமல் நான் விட்ட நாளே கிடையாது. எத்தனையோ வசவு நாக்கு நுனியில் நின்றன.

“எந்திரிச்சிருச்சு, அழகம்மா” என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ ஒரு டின்னைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, “சீனி இருந்தா கொஞ்சம் குடுத்துவிடு,” என்றாள். “எங்க வீட்டுல முடிஞ்சுபோச்சு.”