மைனஸும் மைனஸும்

செவ்வாய்க்கிழமை, இரவு.

மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று ஏழாம் வகுப்பு ஜெனிபா கேட்டாள். எனக்கு விதி தெரியும், காரணம் தெரியவில்லை. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அப்படியே எழுதிக் கேட்டேன். பதிலே இல்லை.

மதியம் தலைமையாசிரியை கூப்பிட்டார். "ஏளா, அதிகாரிங்க இருக்கிற குரூப்ல போயி தெரியலன்னு எழுதுவியா? ஸ்கூல் பேருல்லா போகுது. அழிச்சிரு."

அழிக்கப் போனபோது ஆத்தூர் டீச்சர் ஒருத்தி தனியாக எழுதியிருந்தாள்: "உப்பளப் பாத்தியில தண்ணி தினமும் வத்துது, அது மைனஸ். நாட்களப் பின்னோக்கி எண்ணுங்க, அதுவும் மைனஸ். முந்தாநாளு தண்ணி இன்னைக்கி விட கூடத்தானே இருந்துச்சு? அதான் பிளஸ்."

எவ்வளவு எளிது! குழுவிலேயே போடச் சொன்னேன்.

"தப்பா இருந்தா சிரிப்பாவ டீச்சர். நீங்க போடுங்க."

இன்னும் சிலர், பதில் வந்தால் தங்களுக்கும் அனுப்பும்படி தனித்தனியாகக் கேட்டிருந்தார்கள். குழுவில் மட்டும் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. ஏன் இப்படி?

கேள்வியை அழிக்காமல், பாத்தி விளக்கத்தை அதன் கீழே போட்டேன். நாளை திட்டு நிச்சயம்.

இப்போது தலைமையாசிரியையிடமிருந்து செய்தி, தனியாக: "அப்போ நாட்கள முன்னோக்கி எண்ணினா என்ன வரும்ளா?"

'குழுவில் கேளுங்கள் மேடம்' என்று எழுதிவிட்டேன். அனுப்பலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.