செவ்வாய்க்கிழமைப் படம்

ஜனவரி 8, 2020. புதன்

தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் குளிர்காலப் படப் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். சனிக்கிழமைக்கு ஒருவர். தனக்கு உயிரான படத்தைப் போட்டுக்காட்டி, ஏன் உயிர் என்றும் கடைசியில் எழுந்து சொல்ல வேண்டும். பிப்ரவரி 15-க்கு நேரே என் கணவன் பெயர்: டோய்வோ. படம்: 'தீவுக்குப் போனவள்'.

எந்தப் படம் போட்டாலும் கால் மணி நேரத்தில் குறட்டை விடுகிறவன். கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். இந்தப் பெயரை அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

"இத எப்பப் பாத்த?"

"எப்பவோ."

பனி தள்ளும் வண்டிக்குச் சங்கிலி மாட்டணும் என்று எழுந்து போய்விட்டான். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் என்ன பயம்?

ஜனவரி 10

நூலகக் கணினியில் தேடினேன். புருஷனை விட்டுவிட்டு ஒருத்தி தீவில் போய் வாழ்கிற கதை. 1994 இலையுதிர்காலத்தில் வந்திருக்கிறது.

அப்போது நான் இந்த ஊரிலேயே இல்லை. ஐந்து வயது மகள் கிர்ஸ்டனைக் கூட்டிக்கொண்டு ஃபார்கோவில் ஆர்டிஸ் அக்கா வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். அந்த மூன்று மாதத்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசுவதே இல்லை.

சரி, யாரோடு போய்ப் பார்த்தான்?

ஜனவரி 11

அவனுடைய பழைய கோட்டுப் பைகளைத் துழாவினேன். ஒரு கைக்குட்டை. இருபத்தைந்து வருடம் கழித்து வேறென்ன கிடைக்கும்? வெட்கமாக இருந்தது. மற்ற கோட்டுகளையும் பார்த்தேன்.

ஜனவரி 18

ஊர்ப் பெரியவர் நீலோவின் அடக்கம். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது டார்லா பக்கத்தில் நின்றாள். அந்தக் காலத்தில் தியேட்டரில் டிக்கெட் கிழித்தவள். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"ஒனக்குத் தெரியாதா? செவ்வாக்கெழம டிக்கெட் பாதி வெல. மொதலாளி மகா கஞ்சன், அந்தப் படத்த ஏழு வாரம் ஓட்டினான். ஏழு வாரமும் வந்தது ஒன் ஆளு ஒருத்தன்தான்."

"யாரு கூட?"

"தனியாத்தான். ஆனா ஒண்ணு, முடிவு வரைக்கும் இருக்க மாட்டான். ஒம்பது மணி அடிச்சா எந்திரிச்சு ஓடிருவான். வண்டி கெளம்புற சத்தம் எனக்குக் கேக்கும்."

தட்டைக் கை நழுவவிட்டேன். உடையவில்லை.

தனியாக வந்தானாம். பிறகு ஒன்பது மணிக்கு யாரிடம் ஓடினான்? அதுவும் வாராவாரம், அதே கிழமை, அதே நேரம்.

ஜனவரி 19

டார்லா மட்டும் இதையெல்லாம் ஏன் இவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறாள்?

ஜனவரி 25

சனிக்கிழமை. வழக்கம்போல நீராவிக் குளியல். அந்த அறையில் பொய் சொல்லக்கூடாது என்பது அவன் வீட்டுப் பழக்கம். அதனால்தான் அங்கே வைத்துக் கேட்டேன்.

"செவ்வாக்கெழம ஒம்பது மணிக்குப் படத்துலேர்ந்து எங்க ஓடின?"

சுடுகல்லில் தண்ணீர் ஊற்றினான். ஆவி அடங்கட்டும் என்று காத்திருந்தான்.

"வீட்டுக்கு."

"வீட்ல யாரு இருந்தா?"

"போன் இருந்துச்சு."

எழுந்து பனிக்குள் போய்விட்டான்.

எனக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. கடவுளே. செவ்வாய்க்கிழமை ஒன்பதரை மணி என்று விதித்ததே நான்தான். குழந்தை தூங்கின பிறகு வாரம் ஒரு தடவை கூப்பிடலாம், பேசுவதும் பேசாததும் என் இஷ்டம் என்று சொல்லியிருந்தேன். தியேட்டரிலிருந்து வீடு அரை மணி நேரம். மறந்துவிட்டேனா, மறந்த மாதிரி வைத்துக்கொண்டேனா? கோட்டுப் பையெல்லாம் தேடின எனக்கு என் சொந்தச் சொல் நினைவில்லை.

ஆனாலும் ஏன் அதே படம்? ஏழு தடவை?

பிப்ரவரி 3

கேட்கத் தைரியமில்லை. தீவுக்காரி கடைசியில் என்ன ஆனாள் என்று இணையத்தில் படித்துவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 15

இருபது பேர், உருளைக்கிழங்கும் கறியும் வைத்துச் சுட்ட நாலு தட்டு, காபி. டோய்வோ தூங்கவில்லை. முடிய கால் மணி நேரம் இருக்கும்போது அவன் கை கோட்டைத் தேடிப் போனது. அவன் சட்டைக் கையைப் பிடித்தேன்.

"உக்காரு. முடிவையும் பாரு."

பார்த்தான். தீவுக்காரி திரும்பி வரவில்லை. விளக்கைப் போட்டதும், ஏன் இந்தப் படம் என்று டார்லா கேட்டாள்.

"அந்தப் புருஷன் எந்த எடத்துல தப்புப் பண்றான்னு கண்டுபிடிக்கப் போனேன். மொத வாரம் எனக்கு வெளங்கல. அப்பறம் ஒவ்வொரு வாரமும் ஒண்ணொண்ணாக் கெடச்சுது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. படத்தால் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வண்டியில் வரும்போது, "அவ வரவே இல்லையே," என்றான்.

"வரல."

"நல்லவேளை, அப்ப நான் பாக்கல."

கொஞ்ச தூரம் போனபின் நானே சொன்னேன்: "ஏழு வாரமும் நீ கூப்புட்டப்ப நான் தூங்கிட்டேன்னு அக்கா சொல்லுவால்ல. தூங்கல. போன் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன்."

அவன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா சொன்னத நான் நம்பிட்டேன், மார்லிஸ்."

பிப்ரவரி 16

எனக்கு முன்னால் எழுந்து காபி போட்டிருந்தான். என் கோப்பையையும் நிரப்பி எதிரே வைத்திருந்தான். ஏன் வைத்தான் என்று நான் ஆராயவில்லை. குடித்தேன்.