பெருமாள் சம்சாரம்

6-9-1988, செவ்வாய்
வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல். பத்து நாளாகக் கஞ்சிதான். இன்று ராஜபாளையம் பல் ஆஸ்பத்திரிக்கு அவர் கூட்டிப்போனார். பஸ்ஸை விட்டு இறங்கியதும், "நீ உள்ள போ, செத்த நேரத்துல வாரேன்" என்று டீக்கடைக்குப் போனவர் போனவர்தான்.

சீட்டு எழுதும் பெண், அன்னாளாம், என் பெயர் கேட்டாள். வேலுத்தாய் என்றேன். வீட்டுக்காரர் பெயர்? வாசலைப் பார்த்தேன். அவரைக் காணோம். "எங்க ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் பெருமாள் பேருதாம்மா" என்றேன். சிரித்துக்கொண்டே எழுதினாள். புருஷன் பெயரை வாயால் சொல்லாமலே காரியம் முடிந்ததில் எனக்கும் சந்தோஷம்.

வீக்கம் வடியட்டும், அடுத்த செவ்வாய் பிடுங்கலாம் என்றார் டாக்டர்.

8-9, வியாழன்
வீக்கம் வடிகிறது. வலி அப்படியே.

13-9, செவ்வாய்
பிடுங்கிவிட்டார்கள். நல்ல பல்லை.

"பெருமாள் சம்சாரம் வேலுத்தாய்!" என்று அன்னாள் கூப்பிட்டாள். போனேன். உள்ளே புது டாக்டர், சின்ன வயசு. சீட்டைப் பார்த்துவிட்டு இடது பக்கம் மேலே ஊசி போட்டார். நான் வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். "கையை எடுங்கம்மா, எல்லாம் இதுல எழுதியிருக்கு."

எழுதியிருக்கு என்றதும் அடங்கிவிட்டேன். பொட்டலக் காகிதத்தை வைத்து நானாகப் படித்தவள். எழுதியிருந்தால் எனக்கு அது சாமி வாக்கு.

வெளியே வந்தால், கன்னத்தைப் பொத்திக்கொண்டு இன்னொருத்தி சத்தம் போடுகிறாள். "சோழபுரம் வேலுத்தாய், பெருமாள் சம்சாரம் நாந்தான். என்னைய எப்பக் கூப்பிடுவிய?"

அவள் சீட்டு. என் பல்.

அன்னாள் அழுதுவிட்டாள். "பெருமாள்னுதானக்கா சொன்னிய? உங்க ஊருப் பெருமாளுக்குன்னு தனியா ஒரு பேரு இருக்கும்னு நான் என்னத்தக் கண்டேன்?" டாக்டரோ, "அதுவும் ரெண்டு வருஷத்துல ஆடத்தான் செய்யும்" என்கிறார்.

டீக்கடையிலிருந்து வந்த அவிய, அம்புட்டுப் பேர் முன்னாலயும்: "எம் பேரைச் சொன்னா என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

வாயில் பஞ்சு இருந்தது.

14-9, புதன்
ஏன், நான் சொன்னதே இல்லையா? கல்யாணமான வருஷம் ரேஷன் கார்டு எழுத வந்தவரிடம் சொன்னேனே. "ஏட்டி, வெளியாளு முன்னால எம் பேரச் சொல்லுதியா?" மூன்று நாள் பேசவில்லை. சோற்றை மட்டும் தின்றார். நான் காலில் விழுந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

பதினேழு வருஷம் ஆச்சு. இப்ப சொல்லணுமாம்ல. என் வாயத் தச்சுப் போட்டது யாரு?

மளிகைக் கணக்கில் ஒரு பைசா பிசகவிடாதவள் நான். வாய்க்குள் இருந்ததைக் கோட்டை விட்டேன்.

17-9, புரட்டாசி முதல் சனி
கோயில். பெருமாளே, உமக்கும் அவருக்கும் ஒரே பெயராகப் போனதால் உம்மைக்கூட இத்தனை வருஷம் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்த மரியாதைக்கா இந்தக் கூலி?

பொங்கலைக்கூட மெல்ல முடியவில்லை. இந்தப் பக்கம் ஓட்டை, அந்தப் பக்கம் சொத்தை.

23-9, வெள்ளி
வலி தாங்கவில்லை. உள்ளூரிலேயே வேறு டாக்டர். இந்தத் தடவை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் பெயர் என்றதும் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ரெங்கமன்னார்."

பல் போன ஓட்டையில் காற்று ஒழுகி, பெயர் குழறியது. இன்னொரு தடவை சொன்னேன். "எழுதினத வாசிச்சுக் காட்டுங்க" என்றேன். வாசித்தார்கள். சரியாக இருந்தது. சரியான பல்லையே எடுத்தார்கள்.

வீடு வரைக்கும் அவர் பேசவில்லை.

24-9, சனி
சந்நிதியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பெருமாள் கோபித்துக்கொள்ளவில்லை.

26-9, திங்கள்
கணக்காக மூன்று நாள். காலையில் அவராகவே, "காப்பி இருக்கா?" என்றார்.

டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். நான்தான் பேசவில்லை.