நீ வந்து பார்ப்பாய் என்று

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால், கடையில் தையல் மெஷின்மேல் வைத்து எழுதியதால் என்று நினைத்துக்கொள்.

தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் இதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா உன்மேல் சத்தியம் வாங்கியிருக்கிறாள். கடிதத்தைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. உன் தோழியின் அண்ணன் அங்கே கிளம்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

எனக்குச் சுற்றி வளைத்து எழுதத் தெரியவில்லை. அம்மாவுக்கு மார்பில் கட்டி. புற்றுநோய் என்கிறார்கள்.

ஊரில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறவன் நான். போன வருஷக் கடைசியில் இவள், "இனிமே எனக்கு நீங்க தைக்க வேணாம், ரெடிமேடே வாங்கிக்கறேன்" என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஆமா, அதப் போட்டா மகாராணி ஆயிடுவே" என்று நக்கலடித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் அளவெடுக்க விடாததன் காரணம் இப்போதுதான் தெரிகிறது. பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

போன மாதம் குளியலறையில் மயங்கி விழுந்தாள். துணி மாற்றிவிட்ட பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அப்போதும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று ஒரே அடம். "கண்டவங்ககிட்ட காட்ட மாட்டேன். நம்ம பொண்ணு வந்து பாக்கட்டும். உலகத்துக்கே வைத்தியம் பாக்கப் போறவ பெத்தவளுக்குப் பாக்க மாட்டாளா?" என்றாள். நீ கிளம்பும்போது தலைபாடாக அடித்துக்கொண்டாய், உலக சுகாதார மேற்படிப்பு என்றால் ஊசி போடும் படிப்பு இல்லை, ஏழைகளுக்கு வைத்தியம் ஏன் போய்ச் சேரவில்லை என்று ஆராய்ந்து அதைச் சரிசெய்யும் படிப்பு என்று. எனக்கே அரைகுறையாகத்தான் ஏறியது. அவள் காதிலேயே வாங்கவில்லை. தெருவெல்லாம் உன்னை டாக்டர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள். வலி தாங்காமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரியில் சேரச் சம்மதித்தாள், இன்னமும் நீ வந்து பார்க்க வேண்டும் என்றே சொல்கிறாள்.

நீ கல்லூரி மேடையில் இங்கிலீஷில் பேசிய வீடியோவை ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் போட்டுப் போட்டுப் பார்க்கிறாள். ஒரு வார்த்தை புரியாது. "எப்படிப் பேசறா பாருங்க" என்று நர்ஸிடம் காட்டினாள். நர்ஸ் முழுவதும் கேட்டுவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். "ஐயா, மார்புல கட்டி வந்தா பொம்பளைங்க ஏன் மறைச்சு வெக்கறாங்கன்னுதான் உங்க பொண்ணு பேசுது" என்றாள். அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று அவளைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

எலும்பு வரை போய்விட்டதாம். வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று பெரிய டாக்டர் கைவிரித்துவிட்டார். எனக்கும் நம்பிக்கை போய்விட்டது. கடைக்கு வருகிறேன், துணியை வெட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் படிப்பு பாதியில் நிற்கும், கிடைத்த இடம் கைநழுவிப் போகும். தெரியும். நீ வந்தாலும் அவளைக் காப்பாற்ற முடியாது. அதுவும் தெரியும். ஆனாலும் வா. கையைக் கழுவிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, அவள் காட்டுவதைப் பார். அழுதுவிடாதே. சரியாயிடும்மா என்று ஒரு வார்த்தை சொல். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், தையல்காரனுக்கு என்ன தெரியும் என்கிறாள். நீ சொன்னால் நம்புவாள்.

நீ எத்தனையோ பேருக்கு நல்லது செய்யப் பிறந்தவள். தீர்க்காயுசாக இருக்க வேண்டும். சீக்கிரம் வா, தாயே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா