நீ கேட்ட காது மிஷின்

அன்பு மச்சான் ஆரோக்கியத்துக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவன் இப்போது எழுதுவதற்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை. ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. உன்னிடம் சொல்லும்போது நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

நம் 'வாங்கலாமா வேண்டாமா' குரூப் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ராமலிங்கம் ஏர் ஃப்ரையர் வாங்கி, முதல் வேலையாக அதில் பலாக்கொட்டை சுட்டுப் படம் போட்டான். பாதி கருகல். நீ இருந்திருந்தால் அவனை ஒரு வாரம் ஓட்டியிருப்பாய். குரூப்பிலிருந்து உன் நம்பரை இதுவரை யாரும் எடுக்கவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் நாம். நான் எலக்ட்ரிக்கலில் பெர்மனென்ட். நீயும் ராமலிங்கமும் மைன்ஸில் கன்வேயர் பெல்ட் இரைச்சலுக்குப் பக்கத்தில் கான்ட்ராக்ட். ஷிப்ட் முடிந்து பஜார் டீக்கடையில் கூடினால் போன், மிக்ஸி, இன்வெர்ட்டர் ஏசி என்று பேச்சு போகும். கடைசித் தீர்ப்பு என்னுடையது. 'எடு' அல்லது 'குப்பை'. நான் குப்பை என்று சொல்லிவிட்டால் அந்தச் சாமான் யார் வீட்டுக்கும் போகாது. அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும்.

ஒருநாள் புது இயர்போன் ஒன்றைக் கொண்டுவந்து எல்லோர் காதிலும் மாட்டிப் பார்த்தேன். "பின்னாடி சலங்கைச் சத்தம் வருது பாரு, அது தனியா கேக்குதா?" இதுதான் என் பரீட்சை. உன் முறை வந்தது. மாட்டிய உடனே தலையை ஆட்டி, "சூப்பரா கேக்குது மச்சான், சலங்கை சும்மா அள்ளுது" என்றாய். நான் இன்னும் பாட்டையே போடவில்லை. கடையே சிரித்தது. நீயும் எங்களோடு சேர்ந்து சிரித்தாய். வேண்டுமென்றே கோமாளித்தனம் பண்ணுகிறாய் என்றுதான் நினைத்தேன். வேறு எதையும் நினைக்க எனக்கு ஏன் தோன்றவில்லை?

அதற்கு ஒரு மாதம் கழித்து, மற்றவர்கள் கிளம்பும்வரை நீ நின்றாய். போனை நீட்டினாய்.

"மச்சான், மாமனாருக்குக் காது சரியா கேக்கல. ஆன்லைன்ல இந்தக் காது மிஷின் பாத்து வச்சிருக்கேன். வாங்கலாமா?"

அரை நிமிஷம்கூட நான் பார்க்கவில்லை. "குப்பை. சும்மா சத்தத்தப் பெருசாக்கும், அவ்ளோதான்."

"வேற நல்லது எதுனா இருக்கா?"

"அதெல்லாம் டாக்டர் பாத்துக் குடுக்கணும்டா. காடாம்புலியூர்ல முந்திரித் தோப்பப் பாத்துக்கினு கெடக்கற மனுசனுக்கு இந்த வயசுல எதுக்கு? வுடு."

நீ போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். "சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாய்.

அந்த மிஷினைப் பற்றி நான் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் மாமனாருக்கு என்ன வயது, எவ்வளவு நாளாக இப்படி, டாக்டரிடம் காட்டினீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன் முகத்தைப் பார்த்திருப்பேன். நான் போன் திரையைத்தான் பார்த்தேன்.

அப்புறம் அந்தச் சாயங்காலம். உன் தெருவில் யாரோ வீடு கட்ட, ஜல்லி கொண்டுவந்த டிப்பர் லாரி ரிவர்ஸில் உன் பின்னால் வந்தது. பீப் பீப் என்று அது கத்தியது தெருக்கோடி வரைக்கும் கேட்டதாம். 'தள்ளு, தள்ளு' என்று எதிர்வீட்டு அம்மாள் கூச்சல் போட்டாராம். நீ திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் எல்லோருக்கும் ஒரே கேள்வி. இவ்வளவு சத்தம் எப்படிக் கேட்காமல் போனது? யாரோ இயர்போன் என்றார்கள். "ஆமா, அவன் எப்பவும் பாட்டுக் கேட்டுக்கினேதான் போவான்" என்று நானே சொன்னேன் மச்சான். கேட்டவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மறுநாள் ராமலிங்கம் உன் படத்தைப் போட்டு, 'இயர்போன் மாட்டிக்கொண்டு ரோட்டில் நடக்காதீர்கள், எங்கள் நண்பனின் கதி யாருக்கும் வேண்டாம்' என்று எழுதினான். அது எந்தெந்தக் குரூப்புக்கோ போனது. நான் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து கோயில் வாசலில் உன் மாமனாரைப் பார்த்தேன். காது கேட்காதவர் ஆயிற்றே என்று கிட்டத்தில் குனிந்து, "சாப்ட்டீங்களாய்யா?" என்று உரக்கக் கேட்டேன். மனுஷன் திடுக்கிட்டுப் பின்வாங்கினார்.

"ஏன் தம்பி கத்துறீங்க? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

அப்படியானால் அந்த மிஷினை நீ கேட்டது உனக்குத்தான். சலங்கை, டீக்கடைச் சிரிப்பு, நீ எப்போதும் வலது காது என் பக்கம் இருக்கும்படி என் இடப்பக்கமாகவே வந்து உட்கார்ந்தது, எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டேன்.

அதற்கு மேல் நாலு மாதம் உன் வீட்டுப் பக்கம் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் தைரியம் வந்தது. உன் மனைவி ஸ்டெல்லா காபி கொண்டுவந்து வைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"தெரியும்ணே. உங்ககிட்டக் கேக்கச் சொல்லி அனுப்புனதே நாந்தான். எனக்குத்தான்னு சொல்ல வெக்கமா இருக்குதுன்னாரு. கம்பெனி மெடிக்கல் செக்கப்புல தெரிஞ்சா வேலைய வுட்டு நிறுத்திடுவாங்களோன்னு வேற பயம். அதான் எங்கப்பா பேரச் சொல்லியிருக்காரு."

"வந்து என்ன சொன்னான்?"

"கதிர் வேணாம்னுட்டான், அப்பறம் பாத்துக்கலாம்னாரு."

காபி டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு அவளே சொன்னாள்: "அன்னைக்கு அவரு இயர்போனே எடுத்துக்கினு போகலண்ணே. மேச மேலதான் கெடந்துச்சு. ஊரே பேசுச்சு. யார்கிட்டப் போய் நான் சொல்றது?"

உன் மகள் ஜெனி அறைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "என்ன மன்னிச்சிரும்மா" என்றேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"இத எங்க வூட்டுல வந்து சொல்லி என்ன மாமா? எங்கப்பா கவனமில்லாம செத்தாருன்னு ஸ்கூல்ல எனக்கே அந்த மெசேஜக் காட்டுனாங்க. அது எங்கெங்க போச்சோ அங்க சொல்லுங்க."

பதினாறு வயசுப் பெண் சொன்னது நியாயம். அன்றைக்கே குரூப்பில் எழுதினேன். ஆரோக்கியம் இயர்போன் போடவில்லை, அவனுக்குக் காது மந்தமாகிக்கொண்டிருந்தது, என்னிடம் உதவி கேட்டான், நான் பெரிய மனுஷன் மாதிரி வாயை அடைத்து அனுப்பினேன், வாசலில் நின்று பொய்யையும் சொன்னேன். இவ்வளவுதான். அந்தப் பழைய மெசேஜை யார் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கு இதையும் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

பெரும்பாலும் யாரும் பதில் போடவில்லை. ஒருத்தன் மட்டும், 'மிஷின் இருந்திருந்தாலும் விதி விடுமா' என்று எழுதினான். என்னைத் தேற்றத்தான் எழுதினான். இருந்திருந்தால் நீ திரும்பியிருப்பாயா? எனக்குத் தெரியாது. கடைசிவரை தெரியப்போவதும் இல்லை. அந்தத் தெரியாமையோடுதான் இனி இருக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் மைன்ஸிலிருந்து நம் ஆள் ஒருத்தன், பெயரை இங்கே போட மாட்டேன், போன் பண்ணினான். என்னைத் திட்டத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன்.

"கதிரு, எனக்கும் ஒரு வருசமா வலது காதுல கொய்ங்னு ஒரே சத்தம்டா. வூட்டுல கூடச் சொல்லல."

"எந்த டாக்டர்கிட்டயாவது காட்டுனியா?"

"இல்ல."

"சனிக்கிழமை கடலூர் போலாம். நான் லீவு போடறேன்."

"மெடிக்கல்ல தெரிஞ்சிடுமோ?"

அவன் குரலில் உன் பயம் அப்படியே இருந்தது. தெரியாததைத் தெரிந்ததுபோல் இந்தத் தடவை நான் சொல்லவில்லை மச்சான். "தெரியலடா. ஆனா தனியா வுட மாட்டேன்" என்றேன். நாளைக்குத்தான் அந்தச் சனிக்கிழமை. காலை பஸ்ஸுக்கு இரண்டு பேரும் கிளம்புகிறோம்.

ஜெனி என்னோடு இன்னும் பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். ஆனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த ஊரில் எவனாவது உன் மரணத்தைக் காட்டி 'இயர்போன்' என்று ஆரம்பித்தால், டீக்கடையாக இருந்தாலும் கல்யாண வீடாக இருந்தாலும் எழுந்து நின்று, 'இல்லை, அவனுக்குக் காது கேட்கவில்லை, எனக்கு அது தெரியவில்லை' என்று சொல்வேன். எத்தனை தரம் சொல்ல வேண்டி வந்தாலும் சொல்வேன்.

தப்பு செய்தும் உன்னை விட்டுப் போகாத
உன் மச்சான்,
கதிரவன்